டேட்டாபேஸ் யாருடையது என்று கேட்டால் ஒரு பெயர் வர வேண்டும்

ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் பொறுப்பு என் கைக்கு வரும்போதெல்லாம் முதல் வாரம் நான் எந்த செட்டிங்கையும் தொடுவதில்லை. பட்டியல்தான் போடுவேன். எத்தனை டேட்டாபேஸ் ஓடுகிறது, எந்த சர்வரில், எந்தப் பதிப்பு, எந்த அப்ளிகேஷன் அதை நம்பி இருக்கிறது, பேக்கப் எங்கே போகிறது, அந்த பேக்கப்பைக் கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தார்கள், உள்ளே தனிநபர் விவரம் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, இது யாருடையது. அந்தக் கட்டத்தில் "பேக்எண்ட் டீம்" என்று எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆள் பெயர் வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் நிரம்பும்போது டீமுக்கு போன் போட முடியாது, ஆளுக்குத்தான் போட முடியும்.

இந்தப் பட்டியலைப் போட ஆரம்பித்தால் யாரும் உரிமை கோராத டேட்டாபேஸ் குறைந்தது இரண்டு கட்டாயம் தலைகாட்டும். கேட்டவரெல்லாம் "எனக்கு முன்னாடியே இருந்தது" என்பார்கள். அதை உடனே அழிக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் என்றால், இணைப்புகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் யார் இணைகிறார்கள் என்று சில வாரங்களுக்குத் தொடர்ந்து பதிவு செய்து வையுங்கள். யாருமே வரவில்லையா, ஒரு முழு பேக்கப் எடுத்துவிட்டு லாகின் உரிமையை மட்டும் நிறுத்துங்கள். டேட்டா அப்படியே இருக்கட்டும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலை இருக்கும், கணக்கு ஆண்டு முடிவில் ஒரே ஒரு தடவை ஓடும் வேலையும் இருக்கும். யாராவது "எங்கள் ரிப்போர்ட் நின்றுவிட்டது" என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், உரிமையாளர் கிடைத்துவிட்டார், பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

அப்புறம் எது யார் வேலை என்று பிரித்து எழுதுங்கள். நான் இப்படிப் பிரிப்பேன்: சர்வர் ஓடுவது, பேட்ச், பேக்கப், ரீஸ்டோர், லாகின், கண்காணிப்பு எல்லாம் பிளாட்ஃபார்ம் குழு. டேபிளின் அமைப்பு, டேட்டாவின் பொருள், யார் பார்க்கலாம், எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எந்த க்வெரி (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) ஏன் அப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்ளிகேஷன் குழு. நடுவில் விழும் விஷயங்களில்தான் சண்டை வரும். மெதுவான க்வெரியைக் கண்டுபிடித்துச் சொல்வது பிளாட்ஃபார்ம் குழுவான நம் வேலை, அதைத் திருத்துவது அப்ளிகேஷன் குழுவின் வேலை. இதை முன்கூட்டியே எழுதி இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தால் பாதிச் சண்டை வராது.

எவ்வளவு போனால் தாங்குவீர்கள்?

உரிமையாளர் கிடைத்ததும் அவரிடம் இரண்டே கேள்வி. எத்தனை நிமிட டேட்டா தொலைந்தால் தாங்குவீர்கள்? எத்தனை மணி நேரம் நின்றால் தாங்குவீர்கள்? எல்லோரும் முதலில் சொல்லும் பதில் "ஒரு நொடி கூடத் தொலையக்கூடாது, ஒரு நிமிடம் கூட நிற்கக்கூடாது" என்பதுதான். வாதாட வேண்டாம். அதற்கு ஆகும் செலவைக் காட்டுங்கள்: டேட்டா துளியும் தொலையக்கூடாது என்றால் ரெப்ளிகா, அதாவது இரண்டாவது சர்வரில் ஓடும் நகல், உடனுக்குடன் ஒத்திசைவில் இருக்க வேண்டும், டேட்டா எழுதும் ஒவ்வொரு வேலையும் அந்த இரண்டாவது சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும்வரை காத்திருக்கும், அந்த சர்வர் படுத்தால் எழுதுவதே நிற்கும், அதனால் மூன்றாவதும் வேண்டும். இதைக் கேட்ட பிறகு பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நிதானமாக யோசித்துச் சொல்வார்கள். அந்தப் பதில்களை வைத்து டேட்டாபேஸ்களை மூன்று தரமாகப் பிரித்துவிடுங்கள். மூன்று போதும். ஏழு தரம் வைத்தால் எது எதில் என்று யாருக்கும் நினைவிருக்காது.

பேக்கப் என்பது ரீஸ்டோர்தான்

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் மற்ற எதில் தவறினாலும் மீளலாம்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ரெப்ளிகா பின்தங்கிப்போய் அதைச் சரிசெய்ய ராத்திரி நெடுநேரம் போராடிக்கொண்டிருந்த இன்ஜினியர், ரெப்ளிகா சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் புரிந்து நிறுத்தினாலும், அதற்குள் சுமார் 300 ஜிபியில் சில ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால் பேக்கப் சேமிக்கும் இடம் காலி. டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6. பதிப்பு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன, ஆனால் மின்னஞ்சல் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வந்து சேரவில்லை. வேறு காரணத்துக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். பிழை செய்த ஆளைப் பலிகடா ஆக்காமல் என்ன நடந்தது என்று எழுதியதால்தான் நாமெல்லாம் இன்று அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிகிறது. உங்கள் இடத்திலும் அப்படியே செய்யுங்கள்.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம்: பேக்கப் தோற்றால் அலாரம் என்று வைக்க மாட்டேன், "வெற்றி" என்ற செய்தி குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால் அலாரம். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் அலாரம் அடிக்க வேண்டிய நிரலே செத்துப்போன ராத்திரியில் வித்தியாசம் புரியும்.

ரீஸ்டோர் ஒத்திகையை மாதம் ஒரு முறை இப்படிச் செய்யுங்கள். வெறும் சர்வர் ஒன்றை எடுங்கள், பழைய சர்வரிலிருந்து எதையும் நகலெடுக்கக்கூடாது. வழிமுறையை எழுதியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் எழுதியதைப் படித்துச் செய்யட்டும். அவர் தடுமாறும் ஒவ்வொரு இடமும் வழிமுறையில் ஒரு ஓட்டை. ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டோர் முடிந்ததும் டேட்டாபேஸ் எழுந்து நிற்கிறது என்பதோடு திருப்திப்படாமல், அதிகம் எழுதப்படும் டேபிளில் கடைசி வரிசையின் நேரம் என்ன என்று பாருங்கள், நாலைந்து முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையை எதிர்பார்த்ததோடு ஒப்பிடுங்கள், அப்ளிகேஷனின் ஒரு பிரதியை இதனோடு இணைத்து உள்ளே நுழைந்து பாருங்கள். முடித்த நேரத்தைக் குறியுங்கள். உரிமையாளரிடம் "இரண்டு மணி நேரத்தில் மீட்டுத் தருவோம்" என்று சொல்லியிருந்து, ஒத்திகை ஐந்து மணி நேரம் எடுத்தால் அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இந்த ஒத்திகையில்தான் சின்னச் சின்ன விஷயங்கள் வெளியே வரும். போஸ்ட்கிரெஸில் பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும், ரோல்களும் (பயனர் கணக்குகள்) பாஸ்வேர்டுகளும் அதில் வராது. அவற்றை பிஜி டம்ப்ஆல் கொண்டு தனியாக எடுத்து வைக்க வேண்டும். டம்ப்பைத் திரும்ப ஏற்றும்போது இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) எல்லாம் புதிதாகக் கட்டப்படும், அதனால் பெரிய டேட்டாபேஸுக்கு இது பொழுது விடியும்வரை ஓடும். பெரியவற்றுக்கு முழு கோப்பு நகலும், அதற்குப் பின்னால் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் வால் (ரைட்-அஹெட் லாக்) பதிவுகளும் சேர்த்து வைப்பதே சரி. அப்போதுதான் "மதியம் 2:14க்கு யாரோ தப்பாக அழித்துவிட்டார், 2:13க்குக் கொண்டு போ" என்று கேட்டால் கொண்டு போக முடியும். ரெப்ளிகா இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அந்தத் தப்பான அழிப்பு அடுத்த நொடியே ரெப்ளிகாவுக்கும் போய்விடும் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. பேக்கப்பை மறையாக்கம் செய்து வைத்துவிட்டு, திறக்கும் சாவியை அதே சர்வரில் விட்டு வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சர்வர் போனால் சாவியும் போகும். சாவி வேறு இடத்தில் இருக்க வேண்டும், பேக்கப் இருக்கும் இடத்துக்கான அனுமதியும் வேறாக இருக்க வேண்டும். முதன்மை சர்வருக்குள் புகுந்தவர் பேக்கப்பையும் அழிக்க முடிந்தால் அது பேக்கப் ஆகாது.

அனுமதிகள்

அப்ளிகேஷன் எந்தப் பெயரில் இணைகிறதோ அந்த ரோல் டேபிள்களின் உரிமையாளராக இருக்கக்கூடாது. பல இடங்களில் இதுதான் நடக்கிறது, ஒரே பாஸ்வேர்டு, அதுவே டேபிளை உருவாக்கும், அதுவே அழிக்கும். குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள்: ஸ்கீமாவை, அதாவது டேபிள் அமைப்பை, மாற்ற ஒன்று, படித்து எழுத ஒன்று, படிக்க மட்டும் ஒன்று. அனுமதிகளை லாகின் இல்லாத குழு ரோல்களுக்குக் கொடுத்து, ஆட்களை அந்தக் குழுவில் சேருங்கள். மனிதர்கள் எல்லோருக்கும் சொந்த லாகின், பொது பாஸ்வேர்டு கூடவே கூடாது. யார் செய்தது என்று கேட்கும் நாளில் "அட்மின்" என்று மட்டும் பதிவில் இருந்தால் அந்தப் பதிவால் பிரயோஜனமில்லை.

போஸ்ட்கிரெஸில் பலர் இடறும் இடம் ஒன்று: இன்று எல்லா டேபிளுக்கும் படிக்கும் அனுமதி கொடுத்தால் அது இன்று இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான். நாளைக்கு உருவாகும் டேபிளுக்கு டிஃபால்ட் பிரிவிலேஜஸ் (இனி உருவாகும் டேபிளுக்கான அனுமதி) தனியாக அமைக்க வேண்டும், அதுவும் எந்த ரோல் உருவாக்குகிறதோ அந்த ரோலுக்கு. "நேற்று வரை ரிப்போர்ட் ஓடியது, புது டேபிள் வந்ததும் அனுமதி இல்லை என்கிறது" என்று டிக்கெட் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். அதேபோல 15ஆம் பதிப்புக்கு முன் தொடங்கிய டேட்டாபேஸ்களில் பப்ளிக் ஸ்கீமா என்ற பொது இடத்தில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்றுதான் இருந்தது. புதிய பதிப்புக்கு மேம்படுத்தினாலும் பழைய அனுமதி கூடவே வரும், கையால் எடுக்க வேண்டும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் ரோலை அழிக்கப் பார்ப்பீர்கள், அவர் பெயரில் டேபிள் இருக்கிறது என்று மறுக்கும். அவர் பெயரில் உள்ளவற்றை ரீஅசைன் ஓன்ட் என்ற கட்டளை கொண்டு வேறு ரோலுக்கு மாற்றிவிட்டு, மிச்ச அனுமதிகளை நீக்கிவிட்டு, அப்புறம் அழியுங்கள். ஆனால் முதல் வேலையாக, அவர் கிளம்பும் நாளிலேயே, லாகினை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரோல் பட்டியலை உரிமையாளரிடம் கொடுத்து ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கட்டும்" அல்லது "எடுத்துவிடு" என்று எழுதி வாங்குங்கள். பதில் வராத பெயர்களை எடுத்துவிடுங்கள்.

புரொடக்ஷன் (உண்மையில் பயன்பாட்டில் இருக்கும்) டேட்டாவை அப்படியே டெஸ்ட் சர்வருக்கு நகலெடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். டெஸ்டில் அனுமதி தளர்வாக இருக்கும், அங்கிருந்து கசிந்தாலும் அது உண்மையான மனிதர்களின் விவரம்தான். பெயர், தொலைபேசி, மின்னஞ்சலை மாற்றிய பிறகே அங்கே போகட்டும்.

ஸ்கீமா மாற்றம்: பூட்டு எங்கே விழுகிறது

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு புது நெடுவரிசை சேர்க்க வேண்டும், காலியாக இருக்கலாம், மதிப்பு எதுவும் நிரப்ப வேண்டாம். மில்லி நொடியில் முடிகிற வேலை, ஸ்டேஜிங்கில் (ஒத்திகை சர்வரில்) அப்படித்தான் முடிந்தது. புரொடக்ஷனில் ஆல்டர் டேபிள் என்ற கட்டளையைக் கொடுத்தேன், திரும்பி வரவில்லை. அரை நிமிடத்தில் அப்ளிகேஷன் முழுக்க நின்றது. காரணம் இதுதான்: யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட் க்வெரியை அதே டேபிளில் நாற்பது நிமிடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஆல்டர் டேபிளுக்கு முழுப் பூட்டு வேண்டும், அது அந்த ரிப்போர்ட் முடியட்டும் என்று வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு சாதாரண செலக்ட்டும் (படிக்கும் க்வெரி) என் ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. ரிப்போர்ட்டும் யாரையும் தடுக்கவில்லை, ஆல்டரும் இன்னும் ஓடவே இல்லை, காத்திருந்ததாலேயே எல்லாம் நின்றது. நான் என் ஆல்டரை ரத்து செய்ததும் ஒரு நொடியில் எல்லாம் நகர்ந்தது.

அன்றிலிருந்து எந்த மைக்ரேஷனும் (ஸ்கீமா மாற்றம்) பூட்டுக்காக மூன்று நொடிக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்பது என் விதி. லாக் டைம்அவுட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, மைக்ரேஷன் தொடங்கும் முன் அதை மூன்று நொடியாக வைத்துவிட்டால், பூட்டு கிடைக்கவில்லையா, தோற்று வெளியே வந்துவிடும், சற்று நேரம் கழித்து மறுபடி முயலும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளிலும் மெட்டாடேட்டா பூட்டால் (டேபிள் அமைப்பின் மேல் விழும் பூட்டு) இதே கதை நடக்கும், அங்கே இயல்பான காத்திருப்பு நேரம் மிக மிக நீளம், குறைத்து வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

பெரிய மாற்றங்களை ஒரே அடியில் செய்யாதீர்கள். நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டும் என்றால் புதிதாக ஒன்றைச் சேருங்கள், அப்ளிகேஷன் இரண்டிலும் எழுதட்டும், பழைய வரிசைகளைச் சில ஆயிரமாக, நடுவில் மூச்சு விட இடம் கொடுத்து, நிரப்புங்கள், படிப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள், ஓரிரு வாரம் கழித்துப் பழையதை அழியுங்கள். இண்டெக்ஸை கன்கரன்ட்லி என்று சொல்லி உருவாக்குங்கள், அப்போது எழுதுவது நிற்காது. ஆனால் அது நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அப்படியே கிடக்கும், க்வெரிக்கு உதவாது, எழுதும்போது சுமையாக மட்டும் இருக்கும், தேடி அழிக்க வேண்டும்.

மாற்றம் எல்லாம் கோப்பாக ரெப்போவில் (நிரல் சேமிப்பகத்தில்) இருக்க வேண்டும், இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் கையால் ஒரு அப்டேட் ஓட்டத்தான் வேண்டும் என்றால் பிகின் கொடுத்து ஒரு டிரான்சாக்ஷனைத் (முழுதாக ஏற்கவோ ரத்து செய்யவோ கூடிய தொகுப்பு) திறந்துவிட்டு ஓட்டுங்கள், எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள், 3 என்று எதிர்பார்த்த இடத்தில் 3,00,000 என்று வந்தால் ரோல்பேக் கொடுத்து ரத்து செய்யுங்கள். சரியாக இருந்தால் உடனே கமிட் கொடுத்து உறுதியாக்குங்கள். டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது, நீங்கள் மாற்றிய வரிசைகள் அதுவரை பூட்டியே இருக்கும்.

கனெக்ஷன் கணக்கு

போஸ்ட்கிரெஸில் இயல்பாக 100 கனெக்ஷன்தான் அனுமதி. ஒவ்வொன்றும் சர்வரில் ஒரு தனி பிராசஸ், அதனால் 2,000 என்று உயர்த்தி வைப்பது தீர்வாகாது. அப்ளிகேஷன் 12 பிரதி ஓடுகிறது, ஒவ்வொன்றின் பூலிலும் (திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன் தொகுப்பு) 20 என்றால் 240 ஆகிவிட்டது. புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சற்று நேரம் சேர்ந்து ஓடும், அப்போது 480. இந்தக் கணக்கை அப்ளிகேஷன் குழுவோடு உட்கார்ந்து போடுங்கள், ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் பங்கு ஒதுக்குங்கள், ரோல் அளவிலேயே வரம்பு வைத்துவிடலாம். ஒரு குழுவின் பிழை மற்ற எல்லோரையும் வெளியே தள்ளாமல் இருக்க இது ஒன்றே போதும். நடுவில் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைத்தால் நல்லது, ஆனால் டிரான்சாக்ஷன் முடிந்ததும் கனெக்ஷனை வேறொருவருக்குக் கொடுக்கும் டிரான்சாக்ஷன் முறையில் வைத்தால் செஷனில் செட் செய்தவை அடுத்த க்வெரிக்கு நிலைக்காது என்பதை டெவலப்பர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். க்வெரிக்கு நேர வரம்பும் ரோல்வாரியாக: அப்ளிகேஷனுக்கு 30 நொடி, ரிப்போர்ட்டுகளுக்கு அதிகம், ஆனால் அவை ரெப்ளிகாவில்.

எதைக் கண்காணிப்பது

நூறு வரைபடம் வேண்டாம். டிஸ்க், கனெக்ஷன் எண்ணிக்கை, ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, கடைசி வெற்றிகரமான பேக்கப்பின் வயது, திறந்திருக்கும் மிகப் பழைய டிரான்சாக்ஷனின் வயது. இவற்றோடு போஸ்ட்கிரெஸுக்கு மூன்று சேர்ப்பேன். ஒன்று டிரான்சாக்ஷன் எண்ணின் வயது: எண் 32 பிட், சுமார் 200 கோடியை நெருங்கினால் சர்வர் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். பழைய எண்களைச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்யூம் இயல்பாக 20 கோடியிலேயே வேலையைத் தொடங்கும், 50 கோடியைத் தாண்டினால் அது எங்கோ தடைபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டு, கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா எதுவரை படித்தது என்ற குறிப்பு): யாரோ சோதனைக்காக ஸ்லாட் உருவாக்கிவிட்டு மறந்திருப்பார், அது வால் பதிவுகளை விடாமல் பிடித்து வைத்து டிஸ்க்கை நிரப்பும். 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு உச்சவரம்பு வைக்கலாம், வையுங்கள். மூன்று, சாதாரண இன்டிஜர் வகையில் உள்ள பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையின் அடையாள எண்): 2,147,483,647க்கு மேல் போகாது. பாதியைத் தாண்டிய டேபிள்களை இன்றே பெரிய வகைக்கு மாற்றத் திட்டமிடுங்கள்.

மெதுவான க்வெரியைத் தேடும்போது ஒரு தடவைக்கு அதிக நேரம் எடுப்பதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். க்வெரிகளின் நேரத்தைக் கணக்கு வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் மொத்த நேரத்தால் வரிசைப்படுத்துங்கள். ஐந்து மில்லி நொடிதான் எடுக்கும், ஆனால் ஒரு நாளில் ஒரு கோடி தடவை ஓடும் க்வெரிதான் பெரும்பாலும் சர்வரைத் தின்று கொண்டிருக்கும்.

பதிப்பு மேம்படுத்தல்

போஸ்ட்கிரெஸ் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. சின்னப் பதிப்புகள் வழக்கமாக பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் வரும், அவற்றை ஒரு மாதத்துக்குள் ஏற்றிவிடுங்கள். மைஎஸ்கியூஎல் 5.7க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது, இன்னும் அதில் இருப்பவை உங்கள் பட்டியலில் சிவப்பில் தெரிய வேண்டும். 18க்கு முந்தைய போஸ்ட்கிரெஸ் பதிப்புக்கு பிஜி அப்கிரேட் என்ற நிரல் கொண்டு மாறினால், க்வெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்க உதவும் புள்ளிவிவரங்கள் உடன் வராது, அவற்றைத் திரட்டும் அனலைஸ் ஓட்டாமல் அப்ளிகேஷனைத் திறந்துவிட்டால் எல்லா க்வெரியும் தள்ளாடும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றும்போதும் கவனம்: லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28இல் எழுத்து வரிசை விதிகள் மாறின, பழைய வரிசையில் கட்டிய எழுத்து இண்டெக்ஸ்கள் தப்பான பதில் தரும். அத்தகைய மாற்றத்துக்குப் பின் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவது) கட்டாயம்.

விதிகளை எப்படி வாழ வைப்பது

விதிகள் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். புது டேட்டாபேஸ் வேண்டும் என்று கேட்பவர் நிரப்ப வேண்டியது ஐந்தே கேள்வி: பெயர், உரிமையாளர், தரம், தனிநபர் விவரம் உண்டா, எப்போது வரை தேவை. நிரப்பினால் அரை மணி நேரத்தில் பேக்கப், ரோல், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து தானாகக் கிடைக்க வேண்டும். நேர் வழியில் இரண்டு வாரம் ஆகும் என்றால் ஆட்கள் தாங்களே எங்காவது ஒரு சர்வரில் நிறுவிக்கொள்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

விதிவிலக்கு கேட்டால் கொடுங்கள், ஆனால் முடியும் தேதியோடு. "இந்த அப்ளிகேஷன் எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசராக இணைகிறது, செப்டம்பர் 30 வரை, பொறுப்பு இன்னார்" என்று பட்டியலிலேயே எழுதுங்கள். தேதிக்கு இரண்டு வாரம் முன் அவருக்கு நினைவூட்டல் போகட்டும்.

ஓய்வு பெறும் டேட்டாபேஸுக்கும் பட்டியலில் இதேபோல ஒரு வரி வேண்டும்: கடைசி பேக்கப் எங்கே, அதைத் திறக்கும் சாவி எங்கே, எந்தப் பதிப்பில் ரீஸ்டோர் ஆகும், எந்தத் தேதியில் அந்த பேக்கப்பையும் அழிக்க வேண்டும், அழித்துவிட்டேன் என்று யார் கையெழுத்துப் போடுவார்.